முதலில் 'நான்' போடுகிறவன்

இழுவை லாரி ஓட்டுகிறவர்கள் அவளைக் கொக்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் கொக்கி போட்டுத் தூக்கிவருவது அவர்கள் பிழைப்பு. யார் எங்கே போவதென்று சொல்வது அவள் பிழைப்பு. புருஷன் செத்தபின் கொட்டகையையும் லாரிகளையும் கட்டி மேய்த்தவள். கூட ஒத்தாசைக்கு இருந்தது அவளுடைய ஒரே தம்பி. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொடுத்து ஆளாக்கியதும் அவள்தான், லாரிச் சாவியைக் கையில் கொடுத்ததும் அவள்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவள் பார்த்ததெல்லாம் ரத்தக்களறி. செத்தவன் காருக்குள் கிடப்பான். வெளியே இழுவைக்காரர்கள் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், யார் கொக்கி மாட்டுவதென்று. இதற்கு முடிவுகட்ட அவள் ஒரு விதி போட்டாள். விபத்துச் செய்தி வந்தால் போன் குழுவில் போடுவாள். முதலில் 'நான்' என்று பதில் போடுகிறவனுக்கு வேலை. அடிதடி அடங்கிவிட்டது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன் என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கட்டைவிரல் வேகத்தில் தம்பியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

ஒருவன் மட்டும் செய்தி வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனை எடுப்பான். அதற்குள் வேலை கைமாறிப்போயிருக்கும். அவனுக்கு ஓரங்கட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வண்டி ஓட்டும்போது போனில் கைவைத்தால் லைசென்ஸ் பறிபோகும் என்று புதுச்சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

"சட்டம் போடுறவனுக்கு டிரைவர் இருக்கான். பின்சீட்டுல சாஞ்சுக்கிட்டு என்ன வேணாலும் தட்டலாம்" என்றாள் அவள். "நம்ம கையில போன் இல்லேன்னா அடுப்பு எரியுமா?"

கைதட்டல் அடங்கியதும் ஓரங்கட்டி எழுந்தான். "அக்கா, நாம தூக்குற வண்டியில பாதி எதனால நசுங்குச்சுன்னு நமக்குத் தெரியாதா? செத்தவன் விரலைப் பிரிச்சுல்ல போனை எடுக்கிறோம். சட்டம் வரட்டும்கா."

"அக்காவையே எதிர்த்துப் பேசுறியா?" என்றபடி தம்பி சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்து அவன் வாயில் அடித்தான். பல் தெறித்தது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். அவள் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் கேட்டு வாங்கிக்கொண்டான் என்றுதான் அப்போது நினைத்தாள். அவள் மனசு அன்று அப்படி இருந்தது.

அடுத்த வாரம், மழை பெய்த ஒரு மத்தியானம். ஆற்றங்கரைச் சாலையில் கார் கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. குழுவில் போட்டாள். உடனே தம்பியின் 'நான்' வந்தது. சிரித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் போக்குவரத்துக் காவலரிடமிருந்து இன்னொரு செய்தி. பாலத்துத் தூணில் லாரி மோதிக் கிடக்கிறது, டிரைவர் உள்ளே. படித்த கையோடு, யோசிக்காமல், அதையும் குழுவில் தட்டிவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. ஆற்றங்கரைக்குப் போகிறவன் அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அதற்குள் குழுவில் பதில்கள் விழுந்தன. நான். நான். நான். மழைச் சாலையில் ஒவ்வொருவனும் குனிந்து தட்டிக்கொண்டிருக்கிறான். 'யாரும் வேண்டாம்' என்று தட்டினாள். அனுப்பினால் அத்தனை பேரும் மறுபடி குனிவார்கள். அழித்துவிட்டு, கையில் கிடைத்த லாரியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

பாலத்தில் கிடந்தது தம்பியின் லாரிதான். முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கியிருந்தது. ஸ்டியரிங் அவன் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. முகத்தில் பாதி இல்லை. பக்கத்திலேயே இரண்டு இழுவைக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள், யாருடைய 'நான்' முதல் என்று. பல வருஷத்துக்கு முன் அவள் நிறுத்திய அதே சண்டை. பக்கத்தில் கிடந்த கடப்பாறையை எடுத்து இருவரையும் முதுகிலும் காலிலும் வெறிகொண்டு அடித்தாள். "அது என் தம்பிடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். யாரும் கிட்டே போகவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்தான் ஓரங்கட்டி. வாய் இன்னும் வீங்கியிருந்தது. இறங்கிவந்து பார்த்தான்.

"நீ எடு" என்றாள்.

"நான் பதிலே போடலையேக்கா."

"அதனாலதான் சொல்றேன். நீ எடு."

அவன் கொக்கியை மாட்டி, தகரத்தை மெல்ல விரித்தான். அவள் உள்ளே கைவிட்டுத் தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டாள். தம்பியின் காலடியில், ரத்தத்தில் கிடந்த போன் கீறல்கூட விழாமல் ஒளிர்ந்தது. குழுவில் இன்னொரு 'நான்' வந்திருந்தது. மழையில், எங்கோ ஒரு சாலையில், இன்னும் ஒருவன் வண்டியை ஓட்டிக்கொண்டே அவளுக்குப் பதில் போட்டிருந்தான்.