சிறையறைக்குள் மணவறை

பாரிஸின் லா சப்பலில் மணவறை வாடகைக்கு விடும் குகதாசன் அண்ணை நிலத்துக்குக் கீழே இறங்கமாட்டார். சுரங்க ரயிலான மெத்ரோவைத் தவிர்த்து இரண்டு பஸ் மாறிப் போவார். தொண்ணூறுகளில் இலங்கையில் பதினெட்டு மாதம் ஒரு நிலவறையில் அடைபட்டிருந்தவர். அப்படிப்பட்ட மனிதர்தான் போன சித்திரையில், புறநகரான வில்லியே லே பெல்லுக்கு அப்பால் ஒரு கோட்டையைக் கலியாணத்துக்குப் பிடித்தார். பிரபுக்கள் வாழ்ந்த கோட்டை. பிறகு சிறையாகி, தானியக் களஞ்சியமாகி, போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியுமாகி, இப்போது மண்டபமாகியிருக்கிறது. நான் வீடியோக்காரன்.

மணமகள் கஜானிக்கு முகூர்த்தம் பதினொன்றேகாலுக்கு முடியும். ஒன்பதரைக்கு ஐயர் ஓமகுண்டத்தில் கற்பூரம் வைக்க, கோட்டைப் பொறுப்பாளர் பெண்மணி ஓடிவந்து மறித்தார். மரக்கூரை மண்டபத்தில் நெருப்பு கூடாது. படிவத்தில் ‘நெருப்பு மூட்டுவீர்களா?’ என்ற கேள்விக்கு அண்ணை ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.

“ஏன் அண்ணை அப்பிடி எழுதினனீங்கள்?” என்று கேட்டேன்.

“சமையலைக் கேக்கினம் எண்டு நினைச்சன். ஓமத்தை ஆரடா நெருப்பெண்டு சொல்லுறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முற்றத்தில் மழை. ஓமமில்லாமல் தாலி கட்ட ஐயர் மறுத்தார். கஜானியின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

பத்தேகாலுக்குப் பொறுப்பாளர் மனமிரங்கி வந்தார். கீழே, பழைய சிறையில், காவலர்கள் குளிர்காய்ந்த கல்லடுப்பு இருக்கிறதாம். புகைபோக்கியும் உண்டு. அங்கே மட்டும் நெருப்புக்கு அனுமதி.

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

“நீங்கள் மேலை நில்லுங்கோ, நாங்கள் பாக்கிறம்” என்றேன்.

“மணவறை பூட்ட உனக்குத் தெரியுமோ?”

தெரியாது. ஒரு தூணைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே இறங்கினார். நாற்பத்திரண்டு படி. என் பயமும் ஒவ்வொரு படிக்கும் ஏறியது. ஆணி பூட்டினார். இரண்டு தரம் கீழே விழுத்தினார். பிழை என்னுடையது, என்னுடையது என்று முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார். பத்தே ஐம்பதுக்கு ஓமம் பற்றியது. சனம் நெருக்கியடித்து நின்றது.

மேளச் சத்தம் மேலே போகாதிருக்கப் பொறுப்பாளர் இரும்புக் கதவைச் சாத்தப்போனார்.

“பூட்டாதை!”

அண்ணையின் குரல் மேளத்தையும் மீறியது. ஐயர்கூட நிறுத்திவிட்டார். அந்தப் பெண்மணிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து, அதிலே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். தாலி ஏறும்வரை அசையவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. அண்ணை மணவறைப் பக்கம் திரும்பவேயில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.