உச்சவரம்புப் பெரியம்மா

வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் அவளுக்கு அக்கா என்று பெயர். கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் உச்சவரம்பு என்று பெயர். பெரியம்மா என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளும் ஐந்து வருடமாக வேறு ஊரில் இருந்தாள். ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பெயரை நாம் இரவல் வாங்கிக்கொள்வோம். பெரியம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உச்சவரம்பு என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. பெண்கள் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரிகள் எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று ஒரு வரம்பு உண்டு. காசுள்ள கிளப் நல்ல கால்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வைத்த விதி. கேலரியில் முக்கால்வாசிப் பேர் இதை அரைகுறையாகக் காதில் போட்டுக்கொண்டவர்கள். "ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்கித் தொலைங்கடா" என்று யாராவது கத்தினால் போதும், முன்வரிசையிலிருந்து பெரியம்மா திரும்புவாள். "எங்க வச்சு வாங்குவாங்க? வரம்புல இடம் இருக்கா?" என்று ஆரம்பித்தால் கேட்டவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் இதையே ஒரு வரியில் முடித்துவிடுவார். "எட்டுப் பேர்னு எழுதியிருந்தா எட்டுப் பேர்தான். ஒன்பதாவது ஆள் ராஜாவா இருந்தாலும் மணி அடிக்கும், கதவு மூடாது."

பெரியம்மா இந்த விதியைப் படித்தது பந்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. எல்லாம் வாலுவுக்காக.

கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளிக்கு விடுதி கிடையாது. வெளியூர்ப் பெண்களை அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கவைப்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, பதினாலு வயதில், தோளில் ஒரு பையும் கையில் பிய்ந்த பூட்ஸுமாக வந்து நின்றது ஒரு பெண். வந்த அரை மணி நேரத்தில் கூடத்து விளக்கை உடைத்தது. "இது சரியான வாலு" என்றார் புருஷன். அதுவே பெயராகிவிட்டது.

ஆன்ட்டி என்று கூப்பிட அதற்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் காலை கேட்டது. "உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னாள்.

"எங்கம்மாவைவிட ரெண்டு வயசு பெரியவங்க. அப்போ பெரியம்மாதான்."

அவ்வளவுதான். சாட்சி இல்லை, பத்திரம் இல்லை, உறவு உறுதியாகிவிட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பெரியம்மாவுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று இல்லாததால் பழமொழியின் முன்பாதி மட்டும் அவள் பங்குக்கு வந்தது. அதை அவள் குறைவில்லாமல் செய்தாள்.

பெரியம்மாவுக்குப் பொய் வராது. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். "பெரியம்மா, என்னை டீம்ல எடுப்பாங்களா?" "சாப்பிட்டியா?" "நான் குள்ளமாவே இருந்துடுவேனா?" "சாப்பிட்டியா?" வாலு அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. "இப்பத்தான் ரெண்டு தட்டு காலி பண்ணினேன். பதில் தெரியலைன்னு சொல்லுங்களேன்" என்று சிரிக்கும்.

டீமில் எடுத்தார்கள். பதினெட்டு வயதானதும் தனி வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றது கிளப். வாலு நகரவில்லை. மாடியறையின் கதவுக்குப் பின்னால் ஈரப் பூட்ஸ் தொங்கிய இடத்தில் சுவர் கறுத்துக்கொண்டே வந்தது.

சொந்தப் பள்ளியில் வளர்ந்த பெண்ணின் சம்பளம் இருபத்து நாலு வயதுவரை வரம்பில் சேராது. வீட்டுப் பிள்ளைக்கு லீக் தரும் சலுகை அது. இருபத்து நாலு முடிந்த அன்று வீட்டுப் பிள்ளையும் மற்றவர்களைப் போலத்தான். வாலுவின் சம்பளம் கணக்கில் ஏறியது, கிளப் வரம்பைத் தாண்டியது, இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிற கிளப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவள் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பிரித்த விதியே ஒருநாள் சேர்த்துவைக்கும் என்று நம்பினாள். ஆண்டுதோறும் லீக் வெளியிடுகிற சம்பளப் பட்டியலைப் பழைய ஸ்கேன் உறைகளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள். பெரிய தொகை அவளுக்குக் குழப்பம். அதனால் வரம்பை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரித்துவிடுவாள். மாடியறையில் வேறொரு பெண்ணைத் தங்கவைக்க முடியுமா என்று பள்ளியிலிருந்து மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும், "இடமில்லை" என்றாள். காலி அறையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

இந்த வருடம் வாலுவின் ஒப்பந்தம் முடிந்தது. போன் வந்தது.

"பெரியம்மா, நம்ம கோச் என்னைக் கேக்குறாராம். எனக்கும் வந்துடணும்னுதான் ஆசை. ஆனா வரம்புல இடமில்லையாம். கடல் தாண்டி ஒரு கிளப் மூணு வருஷத்துக்குக் கூப்பிடுது. லீக்ல ஆள் பதிவு முடியறதுக்குள்ள ஏதாவது நடக்குமா?"

பெரியம்மா உறையைப் புரட்டினாள். நூற்றில் மீதி இருந்தது இரண்டு. வாலுவுக்கு வேண்டியது ஏழு. யானைப் பசிக்குச் சோளப்பொறி. அப்போது பட்டியலில் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. தடுப்பாட்டக்காரி, பட்டப்பெயர் மதில், ஒன்பது பங்கு. முப்பத்தொரு வயது. முழங்காலில் பழைய காயம். சீசன் முழுக்க ஆட முடியாத காயம் என்று ஒருத்தியைப் பட்டியலில் போட்டுவிட்டால், அந்த வருடம் அவள் சம்பளம் வரம்பில் சேராது. அந்த இடத்தில் வேறு ஆளைக் கொண்டுவரலாம்.

சட்டென்று உறையைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் நினைப்பைக் கவிழ்த்து வைக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், அறுபதாவது நிமிடம், மதில் விழுந்தாள். யாரும் தொடவில்லை. திரும்பியபோது கால் மட்டும் திரும்பவில்லை. கேலரி மொத்தமும் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. பெரியம்மாவும் எழுந்தாள். ஆனால் முதலில் அவள் மனசில் ஓடியது என்ன தெரியுமா? ஒன்பதும் இரண்டும் பதினொன்று. ஏழு போக நாலு மீதி.

அடுத்த நொடியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் போகிறவளும் ஒருத்தி பெற்ற பெண்தானே. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நிற்கிறோமே என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவள் மாடியறைப் படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டாள். இரண்டையும் செய்தவள் ஒருத்திதான். மனசு அப்படித்தான், அதற்கு நம் நீதி நியாயம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை மதிலை நொண்ட நொண்ட ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிவந்தார்கள். போன வருடத்திலிருந்துதான் கிளப் இங்கே அனுப்புகிறது.

பத்தொன்பது வருடமாகப் பெரியம்மாவின் வேலை ஒன்றுதான். ஸ்கேன் அறைக்குள் ஒரு குண்டூசிகூடப் போகாமல் பார்த்துக்கொள்வது. இயந்திரத்துக்குள் இருக்கிற காந்தம் சும்மா விடாது. வேலைக்குக் கிளம்பும்போதே தன் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவள் அவள். மதிலின் சங்கிலி, ஹேர்பின், வாட்ச், போன் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டினாள். அங்கி மாற்ற உதவினாள். காதுக்குப் பஞ்சு கொடுத்தாள். வீங்கிய முழங்காலைச் சுற்றிப் படம் பிடிக்கும் கூண்டைப் பூட்டினாள்.

"கால்தானே உள்ள போகும், தலை வெளியதான் இருக்கும். பயப்படாதம்மா. அசைஞ்சா மட்டும் படம் கெட்டுடும்."

எதிரணி ஓடிவந்தால் மலை மாதிரி நிற்கிற மதில், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கொஞ்சம் கூடவே இருக்கீங்களா?"

இருந்தாள். இயந்திரம் டொக்டொக்கென்று இடிக்க ஆரம்பித்தது. இருபத்தைந்து நிமிடம். மதிலின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பஞ்சுக்குள் இறங்கியது. துடைக்கக் கை தூக்கினால் அசைந்துவிடும் என்று அப்படியே கிடந்தாள். பெரியம்மா தன் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள். ஒற்றியபோதுதான் தெரிந்தது, தான் இப்போது எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று. கிழிந்திருக்கக் கூடாது. கடவுளே, கிழிந்திருக்கக் கூடாது.

ஸ்கேன் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து வந்தார். "தசைநார் கிழியலைம்மா. இழுத்துப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். மூணு வாரத்துல ஓடலாம். ரிப்போர்ட் நாளைக்குக் காலையில கிளப்புக்குப் போயிடும்."

மதில் ஒற்றைக் காலில் நின்றபடி பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மாவுக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். துணி மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அழுததும் சத்தியம்.

மூன்று மணிக்கு வாலு கூப்பிட்டது.

"பெரியம்மா, மதிலக்கா விழுந்ததைப் பார்த்தேன். கிளப்ல நாளைக்குத்தான் முடிவு தெரியும், பொறுங்கன்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணுமாம், இல்லேன்னா வேற ஆளாம். நீங்கதான் கணக்குல புலியாச்சே. நாளைக்கு வரைக்கும் பொறுக்கட்டுமா?"

உள்ளே பார்த்தது வாசற்படி தாண்டக் கூடாது. அது அந்தச் சென்டரின் முதல் விதி, பத்தொன்பது வருடத்தில் பெரியம்மா ஒரு தடவைகூட மீறாத விதி. பொறு என்று சொன்னால் நாளைக்கு இதுவும் போய் அதுவும் போய், இந்தப் பெண் நடுத்தெருவில் நிற்கும்.

"கையெழுத்துப் போட்டுடு கண்ணு."



"நீங்களே போகச் சொல்றீங்களா?"

"போடு."

"மூணு வருஷம் பெரியம்மா. நான் வரணும்னு உங்களுக்கு…" என்று இழுத்தது வாலு. பெரியம்மா "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கழுதைக்குப் புரிந்துவிடும் என்று பயம். "சரி" என்று சொல்லிவிட்டு வாலு போனை வைத்தது. கையெழுத்துப் போடு என்று சொன்னதும் ஒரு விதத்தில் விதி மீறியதுதான், அதையும் பெரியம்மா தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். இதற்குமேல் நியாயம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட புருஷன், "மணி அடிச்சிடுச்சு, கதவு மூடலை" என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. மாடிக்குப் போய்ப் புது விரிப்பை மடித்து எடுத்துவைத்தவரும் அவர்தான்.

வாலு கடல் தாண்டிப் போயிற்று. போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பெரியம்மா போனைத் தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். கிழக்கு கேலரியில் யாராவது ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்று கத்தினாலும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். "உச்சவரம்புக்கு உடம்பு சரியில்லையா?" என்று பின்வரிசையில் கேட்டுக்கொண்டார்கள்.

நாலாவது ஞாயிறு மதில் மறுபடி இறங்கினாள். தொண்ணூறு நிமிடமும் ஆடினாள். பெரியம்மா தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டியவரிடம் மதில் மூச்சிரைக்கச் சொன்னது பெரிய திரையில் ஓடியது. "பயந்துட்டேங்க. ஸ்கேன் எடுக்கிற இடத்துல ஒரு அக்கா, பேரு தெரியாது, எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க. காதுல கம்மல்கூட இல்லாம இருப்பாங்க. முழு நேரமும் என் கையை விடவே இல்லை. நல்ல முடிவு வந்ததும் அவங்களைத்தான் முதல்ல கட்டிக்கிட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது போன் துடித்தது. வாலுவின் செய்திதான்.

"மதிலக்கா பேசினதைப் பார்த்தேன். அந்த அக்கா நீங்கதானே? அன்னைக்கு நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பெரியம்மா எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போயிற்று. கடைசியில் ஒரே ஒரு சொல்லை அனுப்பினாள்.

"சாப்பிட்டியா?"

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சாப்பிட்டேன் பெரியம்மா. ரெண்டு தட்டு. மாடி ரூமை யாருக்கும் கொடுத்துடாதீங்க."