பஸ்ஸில் அளந்த வேகம்

சனிக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு, எம்.டெக் வகுப்புக்கு, இரண்டு மணி நேரம். வாரம் முழுக்க ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள் நான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்கென்று உட்காரக் கிடைத்த இடம் அந்த சீட் ஒன்றுதான். மடியில் லேப்டாப்பைத் திறந்தால் சந்திரகிரி தாண்டும்வரை தலை தூக்கமாட்டேன்.

எம்.டெக்கில் எல்லாத் தாளும் தேறியாயிற்று, உயர்நிலைக் கணினிக் கட்டமைப்பைத் தவிர. அதில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டேன். இந்த முறையும் தேறாவிட்டால் ஜூனில் வேலை இருக்காது என்று பிரின்சிபல் சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வயதில் மறுபடி இன்டர்வியூ வாசலில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

அந்தத் தாளில் மிச்சமிருந்தது ஒரு ப்ராஜெக்ட். எண் அட்டவணைகளைப் பெருக்கும் நிரலை வேகமாக்க வேண்டும். ப்ராசசருக்குப் பக்கத்திலேயே கேஷ் என்று சின்ன நினைவகம் உண்டு, அடுப்புக்கு அருகில் அஞ்சறைப்பெட்டி இருப்பதுபோல. ஒவ்வொரு கடுகுக்கும் பரண் ஏறாமல், எடுத்து வைத்ததைக் கொண்டே முடிந்தவரை சமைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மாற்ற வேண்டிய பழைய நிரலைக் கல்லூரியில் என் மேசையில் இதே லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்: பன்னிரண்டு விநாடி. அளந்தது அளந்ததுதானே என்று குறித்துக்கொண்டேன். புதியதை பஸ்ஸில் எழுதி பஸ்ஸிலேயே ஓட்டினேன்: பதின்மூன்று. எங்கோ தப்பு என்று மாற்றினேன். பதின்மூன்று. நான்கு சனிக்கிழமைகள், போகவும் வரவும், எழுதி அழித்து எழுதினேன். ஒரு விநாடிகூடக் குறைந்து தொலையவில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு காத்திருந்த கணவர் ஒருநாள் கேட்டார்: "இன்னா, மூஞ்சி இப்படிக் கீது?"

"எழுதனது சரியாத்தான் கீது. வேகமாத்தான் ஓட மாட்டேங்குது."

"அப்போ வுடேன். எத்தினி வாட்டி மாத்திக்கினே இருப்பே?"

"வுட்டா வேலை பூடும்."

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அந்தத் தாளை நடத்தும் ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர், தெலுங்குக்காரர். என் அறிக்கையைப் புரட்டியவர் நிரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதி எக்கட ரன் சேசாரு, மேடம்?" என்றார். எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்கிறார்.

"பஸ்ல, சார்."

"சார்ஜர்?"

"பஸ்ல ஏது சார் சார்ஜர்?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. சார்ஜர் இல்லாவிட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை நானே என் வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறேன். பழையதைக் கல்லூரி மேசையில் மின்சாரத்தில் அளந்துவிட்டு, புதியதைப் பேட்டரியில் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் தன் மேசை சார்ஜரை நீட்டினார். லேப்டாப்பில் செருகிக் கடைசியாக எழுதியதை ஓட்டினேன். நான்கு விநாடி. எதற்கும் பார்க்கலாமென்று முதல் சனிக்கிழமை எழுதியதைத் தேடி எடுத்து ஓட்டினேன். அதுவும் நான்கே விநாடி.

"ஃபர்ஸ்ட் வீக்லோனே அயிபோயிந்தி மேடம்," என்றார் அவர். முதல் வாரமே வேலை முடிந்துவிட்டதாம்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் குனிந்து மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தங்கிவிட்டது. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வந்தது தூக்கம்தான்.