கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் எழும்பிய முன் சில்லு

சில வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், மழை விட்ட கையோடு கொட்டாஞ்சேனையில் ஓர் ஏற்றமான தெருவில் நடந்தது இது. நடந்து முடிய ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் எடுத்திருக்கும். ஆனால் எங்கள் வீடு இருக்கிற வெள்ளவத்தையிலிருந்து தொடங்கிச் சொன்னால்தான் விளங்கும்.

நான் வீட்டில் தோசை மா அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, கைக்கு வந்த தொழில் இதுதான். கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற வயது. எனக்கு ஏதும் ஆனால் இதுகளை ஆர் பார்க்கிறது என்கிற யோசனை, ரோட்டைக் கடக்கும்போதும் வரும், கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் வரும். அந்த யோசனை வராத நாள் இல்லை.

அந்தக் கிழமை கிரைண்டரின் குழவிக் கல் மழமழவென்று தேய்ந்து, உழுந்து அரைபடாமல் வழுக்கி வழுக்கி ஓடத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் ஒருவர் கல்லுக் கொத்திக் கொடுப்பார். சனிக்கிழமை ஒரு வீட்டு விசேஷத்துக்கு மா சொல்லியிருந்தார்கள், அதனால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழமையாக ஆட்டோவில்தான் போவேன். மழை நாளில் ஓர் ஆட்டோகூட நிற்கவில்லை. குழவிக் கல்லைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நான் தவிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, தன்னுடைய போனில் வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஐயோ பிள்ளை, தெரியாத ஆம்பிளையின்ரை பைக்கிலையா? எனக்கு ஏலாது."

"எல்லாரும் போகினம் அன்ரி. ஹேண்ட்பேக்கை நடுவில வச்சிட்டு நல்லாப் பின்னுக்குத் தள்ளி இருங்கோ. அவ்வளவுதான்."

அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய ரோடான காலி வீதியில் அப்படிப் போகிற பெண்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவரின் முதுகுக்கும் தங்களுக்கும் நடுவில் கைப்பையை மதில் மாதிரி நிறுத்திவிட்டு, சீட்டின் கடைசியில் விறைத்துப்போய் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதையான பெண் வாடகை பைக்கில் போகிற முறை அது.

என்னிடம் கைப்பை இல்லை. கல்லுப் பை இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்குகிற பாரம். அதையே நடுவில் நிறுத்தி வைத்தேன். அது சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டதால் நான் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் பாதி சீட்டிலும் பாதி கரியரின் இரும்புக் கம்பியிலுமாக இருந்தேன். நானும் லேசான ஆள் இல்லை. ஓட்ட வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் தம்பி. ஒல்லியான உடம்பு, ஒல்லியான பைக். நான் ஏறினதும் திரும்பிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் ஹெல்மெட்டைத் தந்தார். முகம் மறைகிறதே என்று எனக்கு அதில் ஒரு நிம்மதி. கணவரின் சொந்தக்காரர் கடை காலி வீதியில்தான் இருக்கிறது. புருஷன் வெளிநாட்டில, இவ ஆரோ ஒருத்தனோட பைக்கில போறா என்று ஒரு சொல் கட்டாருக்குப் போனால் போதும்.

பம்பலப்பிட்டி தாண்டும்வரை அந்தப் பயம்தான். கொள்ளுப்பிட்டிச் சிக்னலில் நின்று எடுக்கும்போது வேறு பயம் வந்தது. பைக்கின் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடியது. தண்ணீரில் மிதக்கிற மாதிரி முன்பக்கம் ஒரு பிடிமானம் இல்லாமல் போனது.

"அக்கா, வசதியா ஈக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி."

புறக்கோட்டை நெரிசலில் திரும்பவும் கேட்டார். "கொஞ்சம் சரியா இருந்துக்கொள்ளுங்க அக்கா." நான் சரியாக இருப்பதென்றால் இன்னும் இறுக்கிப் பிடிப்பது என்று நினைத்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்ததும் உடம்பு இன்னும் பின்னுக்குச் சாய்ந்தது. ஆட்டம் கூடினதே தவிரக் குறையவில்லை. இறக்கிவிடச் சொல்லுவோமா என்று நாலைந்து தரம் வாய்வரை வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன சொல்லுவது என்று விழுங்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் பாதித் தூரம் ஏறியதும் முன்னால் போன வான் சட்டென்று நின்றது. நாங்களும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் மூட்டை ஏற்றின லொறி ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. வான் நகர்ந்ததும், ஏற்றத்தில் பைக் பின்னுக்கு உருண்டுவிடாமல் இருக்க அவர் கொஞ்சம் கூடவே முறுக்கி எடுத்திருக்க வேண்டும்.

முன் சில்லு மேலே எழும்பியது.

முதலில் அவருடைய முதுகு என்மேல் வந்தது. அதோடு கல்லுப் பை என் வயிற்றில் வந்து அழுத்தியது. ரோடு போன இடம் தெரியவில்லை, கண்ணுக்கு நேரே கரண்டுக் கம்பிகளும் மேகமும். நான் கத்தவில்லை, கத்த மூச்சு இருக்கவில்லை. பிள்ளைகள் இந்நேரம் டியூசனால் வந்து கதவைத் தட்டுவார்கள், பூட்டைத் திறக்கிற திறப்பு என்னிடம் இருக்கிறது என்கிற ஒன்றுதான் மனதில் ஓடியது. பயத்தில் கம்பியை இன்னும் பலமாகப் பின்னுக்கு இழுத்தேன். விழாமல் இருக்க நான் செய்த அந்த வேலைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது என்று அப்போது தெரியாது.

அவர் காலால் பின் பிரேக்கை அமுக்கினார். சில்லு தொம்மென்று ரோட்டில் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் என் கை கம்பியை விட்டது. நான் இருந்த வாக்கிலேயே பின்பக்கமாக ஈர ரோட்டில் விழுந்தேன். கல்லு பையிலிருந்து கழன்று பள்ளத்தில் உருண்டு லொறியின் டயரில் போய் முட்டியது. திரும்பிப் பார்த்தேன். லொறியின் பம்பர் என் தலைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அந்த டிரைவர் ஏற்றத்தில் இடைவெளி விடாமல் நெருக்கி நிறுத்தியிருந்தால், அல்லது அந்த நொடியில் எடுத்திருந்தால், இதை எழுத நான் இல்லை.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார், சிங்களவர். "பய வென்ன எப்பா நங்கி" என்று, பயப்பட வேண்டாம் தங்கச்சி என்று சொல்லிக் கையைத் தந்து தூக்கிவிட்டார். பிறகு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, கோயில் சிலையையா களவெடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முழங்கை தோல் உரிந்திருந்தது, வேறு காயம் இல்லை.

பைக் ஓட்டின தம்பி ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன தம்பி நடந்தது?"

அவர் என்னைக் கூப்பிட்டு, பைக்கின் வால் பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அமுக்கினேன். முன்பக்கம் லேசாக எழும்பிக் கொடுத்தது. "இந்தக் கடைசியில பாரம் விழுந்தா முன்னுக்குப் புடிக்க ஒன்னுமில்ல அக்கா. அதுவும் ஏத்தத்தில. நீங்க எனக்கிட்ட வந்து இருந்தா இது நடந்திரிக்காது."

"பிறகேன் நீங்கள் முதலே சொல்லேல்லை?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு பொம்புளக்கிட்ட, கிட்ட வந்து இருங்கண்டு எப்பிடி அக்கா சொல்ற? தப்பா நெனச்சா? வெள்ளவத்தையிலயே சொல்லப் பார்த்தன். வாய் வரல்ல."

எனக்கும் வாய் வரவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மிச்சத் தூரத்தை நடந்தே போகிறேன் என்றேன். கல்லைத் தூக்கி நாலு எட்டு வைத்தேன், பாரம் தாங்காமல் கீழே வைத்துவிட்டேன். அவர் வந்து கல்லை எடுத்துத் தன் மடிக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஏறினேன். இந்த முறை நடுவில் ஒன்றும் இல்லை. முழங்கால் அவரில் முட்ட, ஒரு கையைத் தோளில் வைத்து, ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினோம். ஹேண்டில் ஒருதரம்கூட ஆடவில்லை. இரண்டு பக்கமும் கடைகள், கடைவாசலில் சனம். ஆர் பார்த்தார்கள், ஆர் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது, நான் ரோட்டைத்தான் பார்த்தேன்.

அன்றிரவே கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "கை நோகுதா?" என்று மட்டும் கேட்டார். அவர் என்ன சொல்லுவாரோ என்றுதான் அவ்வளவு தூரமும் கம்பியில் தொங்கிக்கொண்டு போயிருந்தேன்.

என் பயம் இன்னும் போகவில்லை, இனிப் போகும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் இப்போது மகள் வகுப்புக்கு அப்படி ஒரு பைக்கில் ஏறும்போது, லேனில் சனம் நிற்கும்போதே, "இன்னும் முன்னுக்குப் போய் இரு பிள்ளை, தம்பியின்ரை தோளைப் பிடி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுகிறேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் மரியாதை பார்த்து விழுங்கின அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான், அவள் போகிற பைக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் வருகிறது.