ஒரு வண்டி, மூன்று ஆக்ஸில்

பேலட் டிரக் ரிப்பேர் பார்க்கிறவனின் ஞாபகம் வண்டி நின்ற பிறகுதான் எந்த மில்லுக்கும் வரும். மில் மில்லாகப் பை தூக்கி அலைந்த சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நூல் பெட்டிகளை அடுக்கிய பலகையை அப்படியே தூக்கி, கையால் இழுத்துப் போகும் வண்டி அது. கைப்பிடிக்குக் கீழே திரும்புகிற சக்கரங்கள் இரண்டு. அவற்றைக் கோத்திருக்கும் இரும்புத் தண்டுதான் ஆக்ஸில். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்து மில் ஒன்றில் அந்தத் தண்டு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

நூல் சுற்றியது

வண்டியை இழுப்பவன் அருள்ராஜ். தளவாய்புரத்திலிருந்து சைக்கிளில் வருவான். தற்காலிக வேலை. லாரி வரும்போதெல்லாம் சரக்கு வாசலில் தயாராக இருந்தால் பொங்கலுக்குள் நிரந்தரம் செய்வதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் கல்யாணத்துக்கும் பேசி முடித்திருந்தான்.

நான் முதலில் போன அன்று வண்டி நகர மறுத்தது. படுக்கப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். தரையில் கிடந்த கழிவு நூலெல்லாம் ஆக்ஸிலைச் சுற்றிக் கயிறாக இறுகி, கிரீஸை உறிஞ்சி, தண்டையே தேய்த்திருந்தது. புது ஆக்ஸில் போட்டேன். தினமும் நூலை அறுத்தெடுங்கள், வாரம் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள் என்று ஃபோர்மேன் சுப்பையாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் அந்த நூல் உருண்டையைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இம்புட்டு நூலா! ஏலே அருளு, இதக் கழிவு மூட்டையில போடுலே, எடைக்கு வரும்."

ஆடிப்பூரம்

மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குடோன் உண்டு. ஆடிப்பூரத்தை ஒட்டி வண்டியை நாலு நாள் அங்கே அனுப்பினார்கள். குடோன் பொறுப்பாளர் பக்திமான். அன்னதானச் சாப்பாட்டு அண்டாக்களை அதில் ஏற்றி, குண்டும் குழியுமான தெருவில் இழுத்துப் போயிருக்கிறார். சிமென்ட் தரைக்கென்று செய்த சக்கரம் அது. ஆக்ஸில் வளைந்துவிட்டது. அந்த நாலு நாளும் அருள்ராஜ் பெட்டிகளைத் தலையில் சுமந்தான். இரண்டு லாரி காத்துக் கிடந்தது. தாமதம் அவன் பேரில் ஏறியது.

வளைவைக் காட்டியதும் பொறுப்பாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி காரியத்துக்குப் போன வண்டி சார். அப்படியே விடுங்க, தாயார் பாத்துக்கிடுவா."

உள்ளூர் லேத்

கம்பெனி ஆக்ஸில் வர நாளாகும் என்றேன். சுப்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்ம ஊர் லேத்தில் கடைய முடியாத சாமானா என்று மறுநாளே ஒன்றைக் கடைந்து வந்தார். அளவு துல்லியம். இரும்புதான் மட்டம். சொன்னேன், கேட்கவில்லை. மாட்டினேன்.

ஒரே மாதத்தில் தண்டில் பள்ளம் விழுந்து சக்கரம் ஆடியது. வண்டி திரும்பும்போதெல்லாம் கைப்பிடி வெடுக்கென்று எதிர்ப்பக்கம் அடிக்கும். அருள்ராஜ் சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. சுப்பையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விலாவைப் பார்க்கவில்லை, குனிந்து ஆக்ஸிலைப் பார்த்தார்.

"ஒடையலைல்லா? நம்ம ஊர் வேல அப்படித்தான் நிக்கும்."

ஆயுத பூஜை

கெஞ்சிக் கூத்தாடி அசல் ஆக்ஸில் ஒன்றை வரவழைத்துப் பூஜைக்கு முன்பே போட்டேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. இனிக் கவலையில்லை என்று அருள்ராஜிடம் வாய்விட்டுச் சொன்னேன். டீ வாங்கித் தந்தான்.

பூஜை முடிந்து போனால் வண்டி பளபளவென்று நிற்கிறது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, உச்சி முதல் சக்கரம் வரை பச்சை பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கிரீஸ் அடிக்கும் துளை பெயின்டில் அடைந்துவிட்டது. உள்ளே தண்ணீர் நின்று பேரிங் ஆக்ஸிலோடு துருப்பிடித்துக் கிடந்தது. அடித்தது யார் என்று கத்தினேன். அருள்ராஜ் சிரித்த முகமாக வந்தான்.

"நாந்தான் அண்ணாச்சி, ரெண்டு கோட்டு. இனி வண்டி பழசுன்னு ஒருத்தனும் சொல்ல ஏலாது."

கடைசி வரி

சர்வீஸ் ரிப்போர்ட்டின் முடிவில் 'வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினால்தான் ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவார். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மூன்று ஆக்ஸில் மாட்டியபோதும் அப்படியே எழுதினேன், அந்த லேத் ஆக்ஸிலுக்கும் சேர்த்து.

பொங்கலுக்கு முந்தின வாரம், லாரி தாமதத்துக்காக அருள்ராஜை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மேனேஜரிடம் ஓடினேன். கோளாறு வண்டியில்தான் சார் என்றேன். அவர் என் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்தார். "அப்ப மூணு தடவையும் பொய் எழுதுனீரா?" என்றார். ஆமாம் என்றால் அன்றோடு என் வேலையும் போகும். மூன்றையும் அடுக்கி அவர் பக்கமே தள்ளிவைத்தேன். அந்த அறையில் நின்ற கேவலம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வெளியே கேட்டருகில் சைக்கிளைப் பிடித்தபடி அருள்ராஜ் நின்றான். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீகளாம் அண்ணாச்சி. எனக்குத்தான் இழுக்கத் தெரியலையாம்."

ஆக்ஸிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கையெழுத்தாகிவிட்ட காகிதத்தை ஒருமுறைகூட மாற்ற முடியாது என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில்.