கயிற்றுச்சட்டை சந்தியாகுவின் ஒற்றைப் பிளக்

நேற்று பேத்திக்கு இளைப்பு என்று தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூக்கையும் வாயையும் மூடி அந்தப் பிளாஸ்டிக் மூடியை வைத்து நர்ஸ் சுவிட்சைத் தட்டியதும் மருந்து புகையாகக் கிளம்பியது. சூடான பிளாஸ்டிக்கும் மருந்தும் கலந்த வாசனை. "தாத்தா, ஏன் சிரிக்கிறீக?" என்று மூடிக்குள்ளிருந்தே பேத்தி கேட்டாள். சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாசனையை நான் முதலில் முகர்ந்தது ஆஸ்பத்திரியில் இல்லை. ராயப்பன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில், கரண்டே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் வீட்டில்.

அப்போது நான் மின்சார ஆபீஸில் லைன்மேன். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் காக்கிச்சட்டைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாகப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக வெளிச்சம் கொடுக்க வந்த அவதாரம் மாதிரி நடந்துகொள்வேன். இடுப்பில் கட்டிங் பிளேயர் தொங்கும். அதை இல்லாத எதிரிக்குக் காட்டுவதுபோல அடிக்கடி எடுத்து எடுத்துச் செருகுவேன். நல்லவேளை, அப்போது யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை.

அந்த மனிதர்தான் சந்தியாகு. அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் திராட்சைப் பந்தல் போட்டு மோட்டார் வைத்துவிட்டார்கள். அவர் மட்டும் மாடு கட்டித் தண்ணீர் இறைத்து மொச்சையும் சோளமும் போட்டார். அவர் சட்டையில் பித்தான் கிடையாது. பித்தான் இருக்கவேண்டிய இடத்தில் கயிறு வைத்து முடிந்திருக்கும். "பித்தான் தெறிச்சா கடைக்கு ஓடணும். கயிறு அத்துப்போனா முடிஞ்சுக்கிடலாம்ல" என்பார். கோயிலில் மைக் வைத்ததிலிருந்து ஞாயிறு பூசையை விட்டுவிட்டு, மைக் போடாத வியாழன் காலைப் பூசைக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "சாமியாரு பேசுறதத்தேன் கேக்க வந்தேன். கொழாய் பேசுறத இல்ல." ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. "ஆமா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

நான் அவரைப் பார்த்ததே கம்பம் நடப் போனபோதுதான். பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்கு லைன் இழுக்க அவர் நிலத்தின் மூலையில் ஒரு கம்பம் நடவேண்டும். சண்டை வரும் என்று ஆபீஸில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அவரோ, "நட்டுக்கோங்கப்பா. அடுத்தவன் ஆசைக்கு நான் ஏன் குறுக்க நிக்கணும்?" என்றார். அதோடு விட்டதா? கம்பம் ஏற்றி வந்த லாரி சேற்றில் அமுங்கிவிட்டது. டிரைவர் முறுக்க முறுக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. சந்தியாகு தன் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்து, கம்பங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் குழியருகே சேர்த்தார். கரண்டே வேண்டாத மனுசன்தான் அந்தப் பக்கத்துக்கே கரண்டு வர மாடு கட்டினார்.

"உங்க வீட்டுக்கும் ஒரு லைன் குடுத்துருறேண்ணே, சும்மாதான்" என்றேன்.

"சும்மா வர்றதுதேன் வீட்ட விட்டுப் போகாது தம்பி" என்றார்.

அவருடைய மனைவி அருளாயி அம்மாவுக்கு அந்த வருசத்திலேயே இளைப்பு இருந்தது. மழைக்காலத்தில் நெஞ்சு விசில் அடிக்கும். உத்தமபாளையத்து டாக்டர் மெஷின் வைத்து மருந்துப் புகையை இழுக்கச் சொன்னார். ஊருக்குள் நர்சம்மா வீட்டில் மெஷினை வைத்து, வேளை தவறாமல் மாட்டு வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார் சந்தியாகு. பல வருசம் அப்படியே ஓடியது. ஒருநாள் அடைமழை. ஓடையில் தண்ணீர் வந்து வண்டி நின்றுவிட்டது. வண்டிக்குள் அருளாயி அம்மாவின் உதடு நீலம் பூத்துவிட்டதாம். தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடை தாண்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் அவர் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைத் தூக்கியபடியே பார்த்தார்கள்.

"ஒரு ஓட்டை வேணும்" என்றார்.

எனக்குத்தான் புரிந்தது. பிளக் பாயிண்ட். "பல்பு எத்தனைண்ணே?"

"பல்பு வேணாம். ஃபேனு வேணாம். ஒரே ஒரு ஓட்டை. அவ மூச்சுக்கு."

ஊருக்கு இது அல்வா. டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார்: "என்ன சந்தியாகு, வீம்பு கரைஞ்சு போச்சா?" அவர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரை வைத்தார். "என் வீம்பு எனக்கு. அவ மூச்சு அவளுக்கு. ஒண்ண வச்சு ஒண்ண அளக்க நான் யாரு?"

ஒயரிங் முடித்ததும் லைன் வருகிறதா என்று பார்க்கச் சோதனைப் பல்பு ஒன்றைச் செருகினேன். ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலிலேயே இருட்டு. பல்பு எரிந்ததும் அருளாயி அம்மா கண் கூசக் கூசச் சுற்றிப் பார்த்தார். "ஏய்யா, அதை அமத்துங்க. ஒட்டடையெல்லாம் தெரியுது." பிறகு புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் கேக்கல தம்பி. வேணாம்னுதேன் சொன்னேன். இவுகதேன் கேக்காமப் போயிட்டாக." சந்தியாகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒற்றைப் பிளக்கில் நாலு வருசம் அந்த அம்மா மூச்சு விட்டார். நான் ரீடிங் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மருந்துப் புகை வாசனை அடிக்கும்; மீட்டர் நகர்ந்திருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். வீட்டில் வேறெதுவும் வரவில்லை. பொழுது சாய்ந்தால் முன்போலவே விளக்குதான்.

ஒரு தவக்காலத்தில் அருளாயி அம்மா இறந்துபோனார். எட்டாம் நாள் பூசை முடிந்த கையோடு சந்தியாகு மறுபடி ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு மனு. லைனை வெட்டிவிட வேண்டும்.

எங்கள் என்ஜினீயர் நல்ல மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார். "லைன் குடுங்கன்னு வர்றவுகளத்தான் பாத்திருக்கேன். இருக்கட்டுமே ஐயா, ஒரு அவசரத்துக்கு ஆகும்."

"அவசரம் முடிஞ்சு போச்சுங்க."

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வந்து குறுக்கே விழுந்தான். ஆபீஸ் வராந்தாவிலேயே அப்பனுக்கும் மகனுக்கும் முட்டிக்கொண்டது. "நான் பிள்ளைகளோட வந்தா இருட்டுலயா கெடக்குறது? போனுக்கு எங்கன சார்ஜ் போடுறது?"

"ஒன் வீட்டுக்கு நான் வந்தா ஒன் வெளிச்சத்துல இருக்கேன்ல? என் வீட்டுக்கு வந்தா என் இருட்டுல இரு."

மகன் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டான். அவர் போகவில்லை. தினமும் ஆபீஸ் திறக்கும்போது வந்து, பூட்டும்போதுதான் எழுந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுசன், வராந்தாவில் நார் பரப்பிக் கயிறு திரிக்க ஆரம்பித்துவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் தடுக்கினார்கள். என்ஜினீயரே ஒருநாள் தடுக்கினார். அன்றைக்கே மனுவில் கையெழுத்தானது.

வெட்டப் போனவன் நான்தான். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து இறங்கியதும் கேட்டேன்: "கரண்டு மேல அப்படி என்னண்ணே கோவம்?"

அவர் முகம் சுருங்கியது. நான் அவரைத் திட்டிவிட்ட மாதிரி பார்த்தார். "கோவமா? நாலு வருசம் என் வீட்டுக்காரிய வச்சுக் காப்பாத்துச்சு. அவளுக்குன்னு வந்துச்சு, அவளோட போகட்டும். எனக்குன்னு வச்சுக்கிட்டா, அது நான் அவளச் சாக்கா வச்சு வாங்குனதா ஆயிரும்ல?" திரும்பிக்கொண்டார். பிறகு ஒரு துண்டு நிறைய மொச்சைக்காய் கட்டிக் கொடுத்தார். அந்தத் துண்டை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை. இதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பின்னும் பல வருசம் தனியாக இருந்தார். மாடு ஓட்டினார், வியாழன் பூசைக்குப் போனார். சட்டைக்குக் கயிறு அவரே தைத்துக்கொண்டார், கோணல்மாணலாக. மகன் கடைசியில் வந்து சேர்ந்தான். அப்பன் இருட்டில் பிள்ளைகளோடு ஒரு கோடைவிடுமுறை முழுக்க இருந்தானாம். போனுக்குச் சார்ஜ் போட ஊருக்குள் நடந்து போனானாம்.

இப்போது சந்தியாகு இல்லை. மாடுகள் இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். வீட்டை இடித்து நிலத்தை அளந்து கல் நட்டிருக்கிறார்கள். இதெல்லாம் ஆன பிறகு, நான் ஓய்வு பெறப்போகும் சமயம் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். எங்கள் பிரிவில் இணைப்பு இல்லாத வீடே இனி இல்லையாம். அப்படி எழுதிய தாளை என்னிடம் நீட்டி, அந்தப் பகுதி உங்களுடையதுதானே, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

படித்தேன். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. சந்தியாகு இருந்த இடத்தில் இப்போது இணைப்பு இல்லாத வீடு இல்லை. வீடே இல்லை. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி லட்டைத் தள்ளினேன். எனக்கு அப்போது சர்க்கரை கிடையாது. பேனாவை மூடித் தாளின் மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையெழுத்துப் போடவில்லை.