போதை மிஸ்

கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிர்மலாவுக்கு வைத்திருந்த பெயர் 'போதை மிஸ்'. கள்ளக்குறிச்சியில் மாடியறை ஒன்றில் நடக்கும் சிறிய அறக்கட்டளைதான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. குடற்புழு, இரத்தசோகை, மாதவிலக்கு என்று எல்லாவற்றையும் பற்றித்தான் அவள் பேசுவாள். ஆனால் பிள்ளைகள் மனதில் நின்றது அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டும் கெட்டுப்போன ஈரல் படமும், புகையிலை தின்ற வாய்ப் படமும்தான்.

திருநாவலூரில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு உளுந்தூர்பேட்டையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். இந்த வேலைக்கு வந்த புதிதில், தினமும் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையெல்லாம் கணவன் வெங்கடேசனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது பையைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொள்கிறாள். மதியத்துக்கு மேல் குரல் கம்மிப்போகிறது. பஸ் படி ஏறினால் முட்டி வலிக்கிறது. சொல்வதையே சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்ற எண்ணம் வேறு.

மாவட்டத்தில் சாராயத்தால் சாவு விழுந்த பிறகு வகுப்பு முடியும்போது கரும்பலகையில் இரண்டு தொலைபேசி எண்களை எழுதச் சொன்னார்கள். ஒன்று குழந்தைகள் உதவி கேட்க. இன்னொன்று சாராயம் விற்பவர்களைப் பற்றித் தகவல் சொல்ல. "இந்த நம்பருக்குப் பேசினா உதவி செய்ய ஆளு வருவாங்க" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள்.

கோமுகி அணைக்குக் கீழே ஓர் ஊர். அங்கே எட்டாம் வகுப்பில் தேவதர்ஷினி என்றொரு பெண். ஒரு திங்கட்கிழமை நிர்மலா பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே வந்து நின்றாள். சீருடை கசங்கி, தலை வாராமல் இருந்தது.

"மிஸ், எங்கம்மாவ புடிச்சிக்கினு போயிட்டாங்க."

"யாரு?"

"போலீசு. நீங்க எழுதினீங்கல்ல நம்பரு. நாந்தான் பேசினேன்."

நிர்மலா அவளைப் புளியமரத்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா பெயர் குஞ்சம்மாள். அப்பா இல்லை. கரும்பு வெட்டுக்கும் களையெடுக்கவும் போகிறவள், வேலை இல்லாத மாதங்களில் கல்வராயன் மலையிலிருந்து வரும் சாராயத்தை வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்து விற்றாள். அது பெண்ணுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் கொஞ்ச நாளாக அம்மாவே குடிக்க ஆரம்பித்திருந்தாள். ஈரல் படத்தைப் பார்த்ததிலிருந்து தேவதர்ஷினிக்குத் தூக்கம் வரவில்லை.

"உதவி செய்வாங்கன்னு சொன்னீங்களே மிஸ். மருந்து குடுப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டுல எதுன்னு தெரியல. அம்மா போன்லேந்தே பேசிட்டு அப்பறம் நம்பர அழிச்சிட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் நிர்மலாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல மிஸ். அத்த வூட்ல இருக்கறேன். சொன்னா கொன்னே போட்டுடுவாங்க."

அன்று நிர்மலா எடுத்த வகுப்பில் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கரும்பலகையில் எண்களை எழுதாமல் வந்துவிட்டாள்.

அதன் பிறகு லீவு போட்ட நாளெல்லாம் இதற்கே போனது. அத்தை வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுத்தாள். தெரிந்த வக்கீலைப் பார்த்தாள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகப் போய்க் கெஞ்சினாள். கள்ளக்குறிச்சி கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, பெயர் கூப்பிடும் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தாள். வெங்கடேசன், "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று கேட்டான்.

குஞ்சம்மாள் வெளியே வந்த மறுநாள் நிர்மலா பார்க்கப் போனாள். ஆள் பாதியாகியிருந்தாள். நிர்மலாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெத்த தாயி கூட செய்யாதுங்க டீச்சர். எம் புள்ளைக்குச் சோறு போட்டீங்களே, உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலை மாற்றினாள்.

"எவ காட்டிக் குடுத்தாளோ அவ கையி அழுவிப் பூடணும். ஆருன்னு கண்டுபுடிக்காம உட மாட்டேன். இந்தத் தெருவுலதான் இருக்கறா. எம் புள்ளைய அனாதையாக்கப் பாத்தவ, அவ புள்ளகுட்டி வெளங்குமா?"

தேவதர்ஷினி அடுப்பருகே உட்கார்ந்து தேங்காய்மட்டையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் நின்றன. தலை நிமிரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. வெளியே கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருத்தி, "போனு எந்த நம்பர்லேந்து போச்சுன்னு ஸ்டேஷன்ல கேட்டா தெரிஞ்சிடும்டீ" என்றாள்.

நிர்மலா யோசித்துச் செய்ததல்ல அது. களைப்பில் கைப்பை நழுவுகிற மாதிரி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"யாரையும் தேடாத குஞ்சம்மா. நாந்தான் சொன்னேன்."

குஞ்சம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சாராயம் விக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. வகுப்பெடுக்கறவ நான், சும்மா இருக்க முடியல. நாந்தான் போன் பண்ணேன். இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல."

குஞ்சம்மாள் எழுந்து உள்ளே போய், மிச்சமிருந்த அரிசியைப் பையோடு கொண்டுவந்து தெருவில் கொட்டினாள்.

"புடிச்சிக் குடுத்துட்டு, உஞ் சோத்த எம் புள்ளைக்கு ஊட்டினியே! நீயெல்லாம் ஒரு பொம்பளயா? போடீ. இந்தப் பக்கம் காலு வச்ச, நடக்கறது வேற."

கோழிகள் ஓடிவந்து கொத்தின. நிர்மலா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் தேவதர்ஷினி எல்லாவற்றையும் உளறிவிடுவாளோ என்று பயந்து திரும்பவில்லை.

விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. தலைமையாசிரியை செந்தமிழ்ச்செல்வி நல்ல மாதிரி; தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேணாங்க. ஜனங்க வந்து கத்தறாங்க." அறக்கட்டளை நடத்தும் கண்ணாயிரம் அப்படி இல்லை. "போலீசுக்குப் போன் போடறது நம்ம வேலையாம்மா? ஒரு ஊர்ல நம்பிக்க போச்சுன்னா சுத்துப்பட்டு எல்லாம் போச்சு. இவ்ளோ வருஷமா இருக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவருக்குத் தெரிந்தால் இன்னும் இருவருக்குத் தெரியும். அப்புறம் கச்சிராயபாளையம் டீக்கடை வரைக்கும் போகும். "தப்புதாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். கல்வராயன் மலைப் பள்ளிகளை அவளுக்கு ஒதுக்கினார். யாரும் போக விரும்பாத இடம்; வளைந்து வளைந்து ஏறும் பஸ் தவறினால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வெங்கடேசனிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் நியாயம் கேட்பான். நியாயம் பேச அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. எண்களை எழுதுவதை மட்டும் விடவில்லை. முன்பு போல எழுதிவிட்டு ஓடுவதில்லை. எந்த எண்ணுக்குப் பேசினால் யார் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள், வீட்டில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்பாள். இதனால் மற்ற பாடங்களுக்கு நேரம் போதவில்லை. புழு மாத்திரை பற்றிய பாடம் அடிக்கடி நின்றுபோனது. கண்ணாயிரம் அதற்கும் கடிந்துகொண்டார்.

ஜூன் மாதம் கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அதில் தேவதர்ஷினியும் இருந்தாள். வளர்ந்திருந்தாள், புதுப் பையோடு. நிர்மலாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. நிர்மலாவே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் வம்பு.

பஸ் வந்து ஏறப்போகும்போது முழங்கையருகே குரல் கேட்டது.

"அம்மா இப்போ குடிக்கறதில்ல மிஸ். கரும்பு வெட்டப் போவுது. கேசுதான் இன்னும் நடந்துக்கினு இருக்குது."

"விக்கிறதும் இல்லியா?"

பெண் தன் பை வாரைத் திருகினாள். "உங்கள இன்னும் திட்டிக்கினுதான் இருக்குது" என்றாள். அப்போதுதான் உதடு துடித்தது.

"திட்டட்டும். நீ போ, பெல் அடிச்சிடப் போறாங்க."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் மலையடிவாரத்தைத் தாண்டுவதற்குள் நிர்மலா தூங்கிப்போயிருந்தாள். மலைமேலே வெள்ளிமலையில் பஸ் நின்றதும் நடத்துநர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.